இயற்கைக் காய்கறியா, சந்தைக் காய்கறியா?

பூச்சிமருந்தை நினைத்தால் பயம், விலையைக் கேட்டால் மலைப்பு. இரண்டுக்கும் நடுவில் தவிப்பவர்களுக்காக இது.

விலை: இயற்கைக் காய் கூடுதல்தான், களையெடுக்கும் ஆள்கூலியும் அதில் சேர்ந்திருக்கிறது. சந்தைக் காய் மலிவு.

மருந்து: எனக்கு இதுதான் முக்கியம். சந்தைக் காயின் மேலே படிந்ததை ஓரளவு கழுவிவிடலாம். செடிக்குள் ஊடுருவிய மருந்து உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாலும் போகாது. இயற்கைக் கீரையில் பூச்சி அரித்த ஓட்டை இருக்கும். மருந்து எச்சம் பெரும்பாலும் குறைவு.

சத்து: பெரிய வித்தியாசமில்லை.

நம்பகம்: பொட்டலத்தில் இயற்கை விளைபொருளுக்கான அரசு முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

சரி, பட்ஜெட் இடித்தால்? கீரை, பச்சை மிளகாய், கொத்தமல்லியை மட்டும் இயற்கையில் வாங்குங்கள். தோலுரிக்கும் வெங்காயம், வாழைக்காய்க்குச் சந்தையே போதும். கறிவேப்பிலைக்கு வாசலில் ஒரு தொட்டி வையுங்கள்.