ரீச்சரம்மா துப்பறிகிறார்: வெள்ளவத்தைக் கொலை விளையாட்டுப் பெட்டி, வாங்கலாமா?

வீட்டுக்கு வருபவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தடய அட்டைகளை வைத்துக் கொலையாளியைக் கண்டுபிடிக்கிற விளையாட்டு இது. வாங்கலாம். ஆனால் ஆட்கள் வருமுதல் அரை மணித்தியாலமாவது கத்தரிக்கோலும் பேனையுமாக இருந்து சில அட்டைகளைத் திருத்த வேண்டும். இதை எழுதியவருக்குச் செத்தவீடு அத்துப்படி. மாநகர சபைத் தேர்தலோ 2018க்கு முந்திய ஞாபகத்தில் நிற்கிறது.

கதை இதுதான். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க அடுக்குமாடி ஒன்றின் ஐந்தாம் மாடியில், வாக்களிப்பு நாளன்று ஒரு வட்டார வேட்பாளர் இறந்து கிடக்கிறார். துப்பறிபவர் ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர். இறந்தவர் அவருடைய தங்கைக்குச் சம்பந்தி. 6,500 ரூபாவுக்கு எட்டுப் பாத்திரக் கையேடுகள், 36 தடய அட்டைகள், மூன்று ஒட்டிய உறைகள், மாடி வரைபடம், விடை உறை. ஆறு பேர்தான் என்றால் கட்சி அமைப்பாளரையும் சுயேச்சைக் குழுத் தலைவரையும் ஒருவரிடமே கொடுத்து, காவலாளியின் கையேட்டை நடத்துபவர் எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் குறைந்தால் சரிவராது.

சுற்றுகளைப் பிரித்த விதத்துக்குத்தான் முழுப் புள்ளியும். முதலாவது செத்தவீடு, இரண்டாவது எட்டாம் நாள் எட்டுச் செலவு, மூன்றாவது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. ரீச்சருக்கு ஒரு அதிகாரமும் இல்லை. எவரையும் கூப்பிட்டு வாக்குமூலம் எடுக்க முடியாது. ஆனால் வருடக்கணக்காகப் பேசாத மச்சானும் மச்சாளும் இந்த மூன்று நாளும் ஒரே மண்டபத்தில் இருந்தே ஆகவேண்டும். எட்டுச் செலவில் பலகாரம் சுடுகிற அடுப்படியில் தடயங்களை வைத்ததும், காணி உறுதிப் பேச்சை அந்தியேட்டிவரை தள்ளிவைத்ததும் ஊர்வழக்கம் தெரிந்தவர் செய்த வேலை. இதே கதையைப் பொலிஸ்காரரை வைத்து நடத்தியிருந்தால் பாதி அட்டைகளுக்கு வேலையே இருந்திராது.

மிகச் சிறந்த தடயம் 17ஆம் அட்டை. வாசல் காவலாளியின் பதிவுப் புத்தகத்தில் ஆண் பெயரோடு ஒரு பழைய அடையாள அட்டை இலக்கம்: 78745 என்று தொடங்குகிறது. முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். ஆகவே வந்தவர் ஆணில்லை, 1978இல் பிறந்த பெண். கணக்கு ரீச்சருக்கென்றே செய்த புதிர். ஆனால் விடைத்தாள் இங்கே ஒரு நாள் பிசகிவிட்டது. அடையாள அட்டைக் கணக்கில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 உண்டு. 245ஆவது நாள் செப்டெம்பர் 1. விடைத்தாளோ சாதாரண நாட்காட்டியைப் பார்த்து செப்டெம்பர் 2 என்கிறது, பிறந்தநாள் கேக் படமும் அப்படியே. விஷயம் தெரிந்தவர் சரியாகக் கணக்குப் பார்த்து, பிழையான ஆளைப் பிடிப்பார். அட்டையில் 745ஐ 746 ஆக்கிவிடுங்கள்.

இனி அரசியல். கொலைக்கான காரணமாக இரண்டாம் உறை சொல்வது ஒரே கட்சிக்காரர் இருவரின் விருப்பு வாக்குப் போட்டி, அதாவது கட்சிக்குப் போட்டபின் அதன் வேட்பாளரில் பிடித்தவருக்குத் தனியாகப் போடுகிற வாக்குக்கான போட்டி. உள்ளூராட்சித் தேர்தலில் விருப்பு வாக்கு 2018 முதல் இல்லை. கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரே புள்ளடி; உறுப்பினரில் ஒரு பகுதி வட்டாரத்தில் வென்று வருகிறார்கள், மிச்சம் கட்சி வேட்புமனுவோடு கொடுக்கிற மேலதிகப் பட்டியலில் இருந்து. பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடும் உண்டு. இதைத் தெரிந்து எழுதியிருந்தால் இதைவிடக் கூர்மையான காரணம் கையிலேயே கிடைத்திருக்கும்: முடிவு வந்த பிறகு பட்டியலில் இருந்து யாரை அனுப்புவது என்பது கட்சியின் கையில். வாக்காளரிடம் தோற்றவருக்கும் ஆசனம் கிடைக்கலாம், தருவதாகச் சொல்லப்பட்டவருக்குக் கிடைக்காமலும் போகலாம். உறையிலுள்ள கடிதத்தில் 'விருப்பு வாக்கு' வருகிற இரண்டு வரியை வெட்டி, 'மேலதிகப் பட்டியல் ஆசனம் உங்களுக்கு இல்லை' என்று எழுதி ஒட்டினால் போதும். கொலையாளியை மாற்றத் தேவையில்லை.

கூடிய வாக்கு எடுத்தவர் உடனே மேயர் ஆகிறார் என்பதும் பிழை. 2025 மே 6 தேர்தலில் கொழும்பு மாநகர சபையின் 117 ஆசனங்களில் முதலாவதாக வந்த கட்சிக்கே 48தான்; பாதி எவருக்கும் இல்லை. மேயர் தெரிவானது ஜூன் மாதம், உறுப்பினர்களின் இரகசிய வாக்கெடுப்பில். இதை விளையாட்டுக்கே பயன்படுத்தலாம். கடைசிக் குற்றச்சாட்டைக் கையுயர்த்திச் சொல்லாமல் துண்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள். 'மாமி சொன்னால் சரி' என்று எல்லாரும் ஒரே பக்கம் சாய்வது அதோடு நின்றுவிடும்.

அரசியலில் ஒன்றே ஒன்று அருமையாக வந்திருக்கிறது: பிரேதத்தின் விரலில் வாக்களிப்பு மை இல்லை, ஆனால் சாவடி முகவரின் இடாப்பில் பதினொரு மணிக்கு அவர் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது.

மருத்துவப் பகுதி பலவீனம். அலரி விதை கலந்த தேத்தண்ணி குடித்து பத்து நிமிடத்தில் சரிந்தார் என்கிறது 4ஆம் அட்டை. அலரி அப்படி வேலை செய்யாது; வாந்தி வரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், ஆபத்து மணித்தியாலக் கணக்கில் வளரும். தேத்தண்ணியை முதல்நாள் இரவு ஒன்பது மணிக்கு மாற்றுங்கள். 9ஆம், 17ஆம் அட்டைகளின் நேரத்தையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். இதில் ஒரு இலாபமும் உண்டு: தேர்தலுக்கு முந்திய, பிரசாரம் செய்யக்கூடாத மௌன காலத்தில் துண்டுப்பிரசுரத்தோடு வந்தவர் பொய்ப் பெயர் எழுதியதற்கு நியாயம் கிடைக்கிறது.

அன்று பின்னேரமே நஞ்சு அறிக்கை வருவதையும் எடுத்துவிடுங்கள். சந்தேக மரணம் என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரியோ நீதவானோ பிரேத பரிசோதனைக்கு உத்தரவிடுவார், சட்ட வைத்திய அதிகாரி செய்வார், மாதிரிகள் அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகும். அதன் பதில் ஒரே நாளில் வருகிற சாமான் இல்லை. அட்டை 22ஐ அந்தியேட்டிச் சுற்றுக்குத் தள்ளினால் முப்பது நாள் இடைவெளி கிடைக்கிறது; அதுவே அவசரம்தான், விளையாட்டுக்குப் பரவாயில்லை. உடம்புச் சூட்டை வைத்து இறந்த நேரம் சொல்கிற அட்டையைக் குப்பையில் போடலாம். கொழும்பு வெக்கையில் மூடிய அறையின் சூடு உடம்புச் சூட்டுக்குக் கிட்ட நிற்கும், பிரேதம் ஆறுவதே மெதுவாக. அறையில் ஏசி ஓடியதா என்று அட்டையில் ஒரு சொல்லும் இல்லை.

நடத்தும்போது கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களால். கொலையாளியின் கையேடு மற்றவற்றைவிட ஒரு தாள் தடிப்பு. மேசையில் வைத்தவுடனேயே கண்ணுள்ளவர் பிடித்துவிடுவார். மற்ற ஏழுக்கும் உள்ளே ஒரு வெறுந்தாளைச் செருகுங்கள். ரீச்சராக வருபவருக்குச் சுற்றுக்கு மூன்று கேள்விதான் என்று கட்டாயம் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் முதல் சுற்றிலேயே கதை முடியும். அட்டைகள் பளபளப்புத் தாள். வடை எண்ணெய் பட்டால் எழுத்து கரைகிறது, ஆகவே சாப்பாடு சுற்றுகளுக்கு இடையில் மட்டும். பெட்டியில் இரண்டு மணித்தியாலம் என்று போட்டிருக்கிறார்கள். மூன்று பிடிக்கும்.

விடை உறையை வெட்டாமல் நீராவியில் திறந்து, உள்ளிருப்பதைப் போட்டோகொப்பி எடுத்து வைத்தால் இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்கலாம். திருத்திய அட்டைகளையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள்.