தலைக்கு நான்கு நட்சத்திரம், மீசைக்கு ஒன்றுமில்லை: 11 ஆண்டுகள் டை அடித்த அனுபவம்

கடந்த மாதம் உடுமலையில் ஒரு மோட்டார் பம்ப் கடையில் சரக்குக் கணக்கை முடித்து எழுந்தபோது, கடையின் இளைய முதலாளி பையன்களை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, கல்லாவுக்கு இந்தப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஏனுங்கண்ணா, முன்னால நீங்க எந்த டைங்க போட்டுட்டு இருந்தீங்க? அது தோலுக்கு ஒத்துக்குமுங்களா?” அவருக்கு வயது 32. இரண்டு காதுகளுக்கும் மேலே இளநரை நன்றாகவே இறங்கிவிட்டது. வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விற்பனைப் பிரதிநிதியாக ஒன்பது ஆண்டுகளாக அந்தக் கடைக்குப் போய்வருகிறேன். வைண்டிங் கருகியது, கெப்பாசிட்டர் வெடித்தது, வாரன்டி கிடைக்காமல் போனது என்று எதையும் தெருவுக்கே கேட்கும்படி பேசுகிறவர், இந்த ஒன்றை மட்டும் கிசுகிசுத்தார். பையன்கள் திரும்பி வந்துவிட்டதால் நானும் பாதிப் பதிலோடு வண்டி ஏறிவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன். எந்த நிறுவனத்தின் டை என்று நான் சொல்லப்போவதில்லை. கருப்பு டையில் ஐந்து வகைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன். சொல்லவேண்டிய விஷயத்தில் அந்த ஐந்துக்கும் வேறுபாடு இல்லை.

நான் தொடங்கியது 2012-இல், 41-ஆம் வயதில். அதற்கு முந்தைய ஆண்டுதான் ‘மங்காத்தா’ வெளிவந்து, அஜித் குமார் நரைத்த தலையோடு கதாநாயகனாக நின்றதை ஊரே கொண்டாடியது. ‘சால்ட் அண்ட் பெப்பர்’ என்ற சொல் எங்கள் பக்கத்துப் பேக்கரி பெஞ்சு வரைக்கும் வந்து சேர்ந்தது. திரையில் கருப்பு முடியோடு வரும் ரஜினிகாந்த், மேடையில் வழுக்கையும் நரையுமாக உட்கார்ந்திருப்பதையும் நாங்கள் மனதாரப் பாராட்டினோம். ஆனால் அப்படிப் பாராட்டிய விற்பனைப் பிரதிநிதிகளில் எனக்குத் தெரிந்து ஒருவர்கூட டை அடிப்பதை நிறுத்தவில்லை. நடிகரின் நரை அவருடைய பிழைப்பைத் தொடாது, எங்கள் நரை தொட்டுவிடும் என்று நம்பினோம். அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. பொள்ளாச்சியிலும் தாராபுரத்திலும் டீலர்கள் “இன்னும் எத்தனை வருசமுங்க சர்வீசு?” என்று என்னைக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். 41 வயதுக்காரனிடம் ஓய்வு பெறும் தேதியைக் கேட்கிறார்கள் என்றால், பெரிய ஆர்டரை இவனுக்கு அடுத்து வருகிற ஆளிடம் பேசிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஒத்திவைத்துவிட்டார்கள் என்று பொருள். அந்த ஆடி மாதத்தில் முதல் பவுடர் பாக்கெட்டை வாங்கினேன். எங்கள் தெருவிலேயே மருந்துக் கடை இருக்க, காந்திபுரம் வரைக்கும் போய் வாங்கினேன்.

பொருளைப் பற்றி நியாயமாகச் சொல்லவேண்டும்; தலைமுடியைப் பொறுத்தவரை அது ஒருநாளும் என்னை ஏமாற்றவில்லை. தண்ணீரில் குழைக்கும் பவுடர் டை முடியைக் கொஞ்சம் முரடாக்கியது, வெயிலில் நீலம் பாய்ந்த கருப்பாகத் தெரிந்தது. 2015-இல் கிரீமுக்கு மாறிய பிறகு அந்தக் குறையும் போய்விட்டது. இரண்டு பாக்கெட்டையும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் சம அளவில் கலந்து, முப்பது நிமிடம் ஊறவைத்து அலசினால், பார்க்கிறவர்கள் சந்தேகப்படாத அடர்பழுப்பு கிடைக்கும். முன்தலையை நானே பார்த்துக்கொள்வேன். பின்தலையும் பிடரியும் என் மனைவியின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பனியனோடு முக்காலியில் நான் உட்கார, காது மடலில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு, சீப்பின் வாலால் முடியைப் பிரித்துப் பிரித்து அவர் பிரஷ்ஷால் பூசுவார். வாரம் முழுவதும் நான் ஊர் ஊராகச் சுற்றுகிறவன் என்பதால், வீட்டு விஷயம் பாதி அந்த அரைமணி நேரத்தில்தான் எங்களுக்குள் பேசி முடிவாகும். மகளுக்கு எந்தக் கல்லூரி என்பதுகூட அந்த முக்காலியில் முடிவானதுதான். திங்கட்கிழமை காலையில் கண்ணாடியில் தெரிந்த முகமும் எனக்கு உண்மையான மகிழ்ச்சியைத் தந்தது. அதைப் பொய்யான மகிழ்ச்சி என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது.

என் சண்டையெல்லாம் மீசையோடுதான்.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். தலையில் நான்கைந்து சென்டிமீட்டர் முடி இருப்பதால், பத்து நாளில் வெளிவரும் மூன்று மில்லிமீட்டர் வெள்ளை, வகிட்டிலும் கிருதாவிலும் தவிர வேறெங்கும் கண்ணில் படாது. நான் வைத்திருந்த கத்தரித்த மீசையின் நீளமே ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவு. அதில் மூன்று மில்லிமீட்டர் என்பது மூன்றில் ஒரு பங்கு. போதாக்குறைக்கு, நுனியைக் கத்தரிக்கும்போதெல்லாம் போவது டை ஏறிய கருப்புப் பகுதிதான், நிற்பது வெள்ளை அடிதான். எதிரே உட்கார்ந்து விலை பேசுகிறவரின் பார்வை என் வாயில்தான் இருக்கும். ஆறாம் நாளிலேயே உதட்டுக்கு மேல் வெள்ளைக் கோடு விழும். எட்டாம் நாள் மறுபடியும் பூசியாக வேண்டும். பூசுவதும் எளிதான வேலை இல்லை. மூக்குக்கு நேர் கீழே என்பதால் நெடி கண்ணைக் கரிக்கும். மேலுதட்டுத் தோல் மெல்லியது. வியர்வை சேர்ந்தால் சாயம் தோலில் இறங்கி, மீசைக்குக் கீழே இன்னொரு மீசை போலக் கறை நிற்கும். பஞ்சில் எண்ணெய் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து அதை எடுக்கும்போது தோல் சிவந்துவிடும். சிவந்த தோலிலேயே அடுத்த வாரம் மறுபடியும் பூசுவேன். தலைக்கு 25 நாளுக்கு ஒருமுறை, மீசைக்கு 8 நாளுக்கு ஒருமுறை என்று கணக்குப் போட்டால், 11 ஆண்டுகளில் தலைத்தோல் ஏறத்தாழ 160 முறை சாயத்தைத் தொட்டிருக்கிறது. மேலுதடு 500 முறை. இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு.

2023 தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி இரவு மீசைக்குப் பூசினேன். சனிக்கிழமை முழுவதும் லேசான அரிப்பு. தீபாவளியன்று எண்ணெய்க் குளியலுக்கு எழுந்தபோது மேலுதடு தடித்து, மீசையடியில் சிறு சிறு கொப்புளங்கள் நீர் கோத்திருந்தன. மதியத்துக்குள் இரண்டு கண் இமைகளும் வீங்கிவிட்டன. புத்தாடையோடு வந்த மகள் என்னைப் பார்த்து அழுதுவிட்டாள். தோல் மருத்துவர் மருந்து கொடுத்து ஆற்றிய பிறகு, எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, வெவ்வேறு பொருள்களைக் கட்டம் கட்டமாகத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டை டிசம்பரில் முதுகில் ஒட்டினார். 48 மணி நேரம் கழித்து எடுத்தபோது ஒரே ஒரு கட்டத்தில் தோல் சிவந்து தடித்திருந்தது: பாரா ஃபினைலீன் டை அமீன். மருத்துவர்கள் பிபிடி என்று சுருக்கிச் சொல்கிறார்கள். நிலைத்து நிற்கும் கருப்பு டைகள் பெரும்பாலானவற்றில் கருமையைத் தருவது இந்த வேதிப்பொருளும் இதன் உறவுப் பொருள்களும்தான். இரண்டாவது பாக்கெட்டில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து, முடிக்குள் நுழைந்த பிறகு பெரிய நிறத் துகளாக மாறி அங்கேயே தங்கிவிடுகிறது. அலசினாலும் போகாத ரகசியம் அதுதான். பல ஆண்டுகள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று உடல் இதை எதிரியாக எடுத்துக்கொள்ளலாம் என்றும், ஒருமுறை அப்படி எடுத்துக்கொண்டால் அந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுவதும் கூடவே வரும் என்றும் மருத்துவர் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது நான் கடைசியாகப் பயன்படுத்திய பாக்கெட்டின் மேல். ‘அம்மோனியா இல்லை’ என்று அதன் முகப்பில் பெரிய பச்சை எழுத்து. அம்மோனியாவின் முக்கிய வேலை முடியின் மேல்தோலைத் திறந்துவிடுவது. அது இல்லாத டைகளில் பெரும்பாலும் எத்தனாலமைன் அந்த வேலையைச் செய்கிறது. பிபிடி இரண்டிலும் இருக்கக்கூடும். நெடி குறைந்ததைப் பார்த்து ஆபத்தும் குறைந்தது என்று நான்கு ஆண்டுகள் நினைத்திருந்தேன். ஐரோப்பிய ஒன்றியம் தலையில் பூசும் கலவையில் பிபிடி 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது; ஒவ்வாமை வந்துவிட்டவருக்கோ அதைவிட மிகச் சிறிய அளவே போதும். ஆனாலும் நியாயம் பேசினால், எச்சரிக்கை உள்ளேயிருந்த தாளில் அச்சாகித்தான் இருந்தது: முன்கூட்டியே தோலில் சோதித்துப் பார்க்கவேண்டும், புருவத்திலும் இமையிலும் பூசக் கூடாது. எறும்பைவிடச் சிறிய எழுத்து. ஒவ்வொரு முறையும் அந்தத் தாளைப் பிரிக்காமலே குப்பையில் போட்டிருக்கிறேன். என் முடிதிருத்துநர், என்னோடு விற்பனைக்கு வரும் நான்கு பேர், என் சித்தப்பா என்று டை அடிக்கும் ஆண்கள் என்னைச் சுற்றிலும் இருந்தார்கள். ஒருவருக்கு முன்பே நெற்றியோரம் புண் வந்ததாம். நான் வீங்கிய முகத்தோடு நின்ற பிறகுதான் அவர் அதைச் சொன்னார். ஆண்கள் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை என்ற ஒரே காரணத்தால், ஒருவருடைய புண் அடுத்தவருக்குப் பாடமாகாமல் போகிறது. எனக்கு ஆறாத வருத்தம் இதுதான்.

இடையில் ‘கருப்பு மருதாணி’யும் பார்த்தேன். கலப்பில்லாத மருதாணி செம்பழுப்பு நிறம்தான் தரும். அரைமணியில் கருப்பாகிறது என்றால் உறையின் பின்பக்கத்தில் பிபிடி இருக்கிறதா என்று தேடவேண்டும். மருதாணிக்குப் பிறகு அவுரி இலைப் பொடி போட்டால் கருமை வரும் என்பது உண்மை. ஆனால் எனக்கு இரண்டும் சேர்ந்து அரைநாளை விழுங்கின. மீசையில் செம்மை போகவே இல்லை. இரண்டு மாதத்தில் விட்டுவிட்டேன்.

2024 தைப்பூசக் கூட்டம் வடிந்த பிறகு பழனிக்குப் போய் முடியிறக்கினேன், மீசையையும் சேர்த்தே. எட்டு வாரத்தில் வளர்ந்த முடியைத்தான் பல ஆண்டுகளுக்குப் பிறகு என் சொந்த முடியாகப் பார்த்தேன். முன்தலையும் காதோரமும் வெள்ளை. கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துப் பார்த்தால், உச்சிக்குக் கீழிருந்து பிடரி வரைக்கும் பாதிக்கு மேல் கருப்பு! கருத்த முடியின் மேல்தான் இத்தனை ஆண்டுகள் என் மனைவி கருப்புச் சாயத்தைப் பூசிக்கொண்டிருந்தார். இருவரும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கடைகளில் முதல் மாதம் “உடம்புக்கு ஏதாச்சுங்களா?” என்று கேட்டார்கள். நான்காவது மாதத்துக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. ஆர்டர் குறையவில்லை. போர்வெல் ஆழமும் குதிரைத்திறனும் கேட்க வரும் வயதான விவசாயிகள், கடைக்காரரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கினார்கள். இளைஞனாயிற்றே என்று வழக்காளிகள் தயங்கியபோது கரிகாலச் சோழன் நரைமுடி தரித்து வந்து நீதி வழங்கியதாகக் கதை உண்டு. அந்தத் தயக்கத்தையும் அந்த நம்பிக்கையையும் தாராபுரத்து ரோட்டில் நான் நேரிலேயே பார்த்துவிட்டேன்.

மதிப்பெண் என்று கேட்டால், தலைக்கு அடிக்கும் டைக்கு ஐந்துக்கு நான்கு, சொன்னதைச் செய்தது. மீசைக்கு ஒன்றும் கொடுக்கமாட்டேன். இத்தனை பாராட்டிய பிறகும், உடுமலைத் தம்பிக்கு என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். 54 வயதில், வேலையும் நிலைத்து மகளும் படிப்பை முடித்த பிறகு, நரையோடு நடப்பது எனக்கு எளிது. 32 வயதில் பெண் வீட்டு வாசலில் நிற்கிறவருக்கு எளிதில்லை. 41-இல் எனக்கே இல்லாத துணிவை அவரிடம் எதிர்பார்ப்பது சரியா என்று பல இரவுகள் யோசித்தேன். ஆனால் அவர் இன்று தொடங்கினால் முப்பது ஆண்டுகள் நிறுத்த முடியாமல் போகலாம். நான் பட்டது பதினொன்றுதான்.

தம்பி, அப்படியும் அடிப்பதென்று முடிவெடுத்தால், கலந்த டையை ஒரு சொட்டு காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பொறுங்கள். முதல் முறை மட்டுமல்ல, ஒவ்வொரு முறையும். அரித்தால் அதோடு விட்டுவிடுங்கள். மீசைப் பக்கமே போகாதீர்கள், நரைத்தால் எடுத்துவிடுங்கள். ஆவணியில் பெண் வீட்டுக்குப் போகும்போது இருக்கிற முடியோடு போங்கள். டை அடிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் அந்தப் பெண்ணிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். பிடரிக்கு உங்கள் கை எட்டாது. பிரஷ்ஷைப் பிடிக்கப்போவது அவர்தான்.