மண்ணைக் கொட்டுவதா, தூணில் ஏற்றுவதா, தண்ணீரை உள்ளே விடுவதா?

கட்டடக்கலைப் படிப்பில் எங்கள் நான்காம் ஆண்டு ஸ்டூடியோவில், அதாவது வடிவமைப்பு வகுப்பில், இந்தப் பருவத்துக்குக் கொடுத்த வேலை இது. வேளச்சேரி ஏரிக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் நடுவே, தாழ்வான பகுதியில் ஒரு ஏக்கர் மனை. பாதியில் கிளை நூலகமும் சமுதாயக் கூடமும் வர வேண்டும். மீதிப் பாதி பிள்ளைகளுக்குத் திடல். மழை வெள்ளம் வந்தால் அந்தத் தெருக்காரர்கள் இரண்டு மூன்று நாள் தங்குவதும் அதே கட்டடத்தில்தான்.

மனையைப் பார்க்கப் போனபோது எதிரே இட்லிக் கடை வைத்திருக்கும் ஆயா தன் வீட்டுச் சுவரைக் காட்டினார். வெள்ளையடித்த சுவரில் இரண்டு கறைக் கோடுகள். "மேல இருக்கறது 2015 கண்ணு. கீழ இருக்கறது மிக்ஜாம். நடுவுல வந்துட்டுப் போனதெல்லாம் நான் கணக்கு வெக்கல." டேப் வைத்து அளந்தோம். மேல் கோடு சாலை மட்டத்திலிருந்து 110 சென்டிமீட்டர். அதோடு கொஞ்சம் கூட்டி 1.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். வகுப்பு மூன்று கட்சியாகப் பிரிந்தது அங்கிருந்துதான். மேடாக்கலாம் என்றது ஒரு கட்சி, தூண் மேல் நிறுத்தலாம் என்றது இன்னொன்று. தண்ணீர் வந்து போகட்டும், கட்டடம் தாங்கினால் போதும் என்றது மூன்றாவது.

மூன்றையும் எடை போடுவதற்கு முன் அங்கே வருவது எந்த மாதிரித் தண்ணீர் என்று பார்க்க வேண்டும். நாகப்பட்டினம் கடற்கரையில் 2004 சுனாமியில் வந்தது மோதி இடித்த தண்ணீர். சிலியில் கான்ஸ்டிடுசியோன் என்ற கடலோர ஊரை 2010 பிப்ரவரி நிலநடுக்கமும் சுனாமியும் அழித்தபோது, கரையில் கட்டுமானத்தையே தடை செய்வதா, பெரிய சுவர் எழுப்புவதா, மரங்களை அடர்த்தியாக வளர்ப்பதா என்று மூன்று யோசனைகள் எழுந்தன. கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு காட்டைத் தேர்ந்தெடுத்தது, அலையின் வேகத்தைக் காடு உடைக்கும் என்பதால். வேளச்சேரியில் உடைக்க வேகமே இல்லை. வீராங்கால் ஓடை வழியாகச் சதுப்புக்குப் போகும் தண்ணீர் அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் கழிமுகம் என்று சுற்றிக்கொண்டுதான் கடலைச் சேர வேண்டும். புயல் நேரத்தில் கடல் மட்டம் ஏறியிருந்தால் அந்த வழியும் மந்தமாகிவிடும். ஆகவே தண்ணீர் சத்தமில்லாமல் ஏறி நாள்கணக்கில் நிற்கிறது. எங்களுக்குச் சிக்கல் அதன் அளவும் அது நிற்கும் நாட்களும்தான்.

மேடாக்கும் கட்சி

இதன் பலம் அதன் எளிமை. எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்த வேலை. பேஸ்மட்டத்தை உயர்த்திக் கட்டி, சவுடு கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்துக் கெட்டிப்படுத்தி மேலே தளம் போட்டுவிடலாம். 1.2 மீட்டர் ஏற 1:12 சரிவில், அதாவது ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம் என்ற கணக்கில், 14.4 மீட்டர் சாய்தளம் போதும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் முழங்கால் வலிக்காரருக்கும் அது பெரிய தூரம் இல்லை. எங்கள் வீட்டிலும் அப்பா இதைத்தான் செய்தார். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, வாசல் தெருவை விடத் தாழ்ந்துவிட்டது. உள்ளே தரையை ஒன்றரை அடி உயர்த்தினோம், மின்விசிறி கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்தது. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கித் தரும் ஆட்களும் இப்போது சென்னையில் நிறைய இருக்கிறார்கள். அடிப்படையில் அதுவும் மேடாக்குவதுதான்.

ஆனால் கணக்குப் போட்டதும் எனக்கு மனது ஒப்பவில்லை. அரை ஏக்கர் என்பது ஏறத்தாழ 2,020 சதுர மீட்டர். 1.2 மீட்டருக்கு நிரப்ப 2,400 கன மீட்டருக்கு மேல் மண் வேண்டும். நூறு கன அடி கொண்ட யூனிட்டில் சொன்னால் சுமார் 860, மூன்று யூனிட் லாரியில் 285 நடைக்கு மேல். கெட்டிப்படுத்தும்போது மண் அமுங்கும் என்பதால் நிஜத்தில் இன்னும் கூடும். இத்தனை மண்ணும் வேறு எங்கோ ஒரு ஏரியிலோ வயலிலோ வெட்டியதாகத்தான் இருக்கும். அதைவிட முக்கியமானது இன்னொன்று. அந்த 2,400 கன மீட்டர் இடத்தில் வெள்ள நாளில் 24 லட்சம் லிட்டர் தண்ணீர் நின்றிருக்கும். அங்கே மண் வந்து உட்கார்ந்துவிட்டால் அது ஆயா வீட்டுப் பக்கம்தான் போகும். வீட்டுக்காரர் வேறு வழியில்லாமல் செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன், எங்கள் வீடும் அப்படித்தான் தப்பித்தது. ஆனால் அடைக்கலம் தர வேண்டிய ஒரு பொதுக் கட்டடம் தன் பங்குத் தண்ணீரை அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் தள்ளுவது போல என்னால் வரைய முடியவில்லை.

மேடாக்காமல், வாசலுக்குத் தடுப்புப் பலகை போட்டுச் சுவரை அடைத்துவிட்டால் என்ன என்று ஒரு நண்பன் கேட்டான். ஒரு மீட்டர் தண்ணீர் வெளியே நின்றால் சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம். தரைக்கு அடியிலிருந்து மேல்நோக்கியும் அதே அளவு. சாதாரணச் செங்கல் சுவரை மூன்று அடிக்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது என்பது வெள்ளப் பொறியியலில் பொதுவாகச் சொல்லும் எல்லை. எங்கள் மட்டம் நான்கடி. அந்த யோசனை அதோடு நின்றது.

தூண் மேல் நிறுத்தும் கட்சி

ஒடிசாவில் 1999 பெரும்புயலுக்குப் பிறகு கட்டிய புயல் காப்பிடங்களில் பலவும், வங்கதேசத்துக் காப்பிடங்களில் பலவும் தூண் மேல் நிற்பவை, மற்ற நாட்களில் பள்ளிக்கூடமாக நடப்பவை. கணக்கும் இதற்கே சாதகம். எங்கள் கட்டடத்துக்கு 45 சென்டிமீட்டர் சதுரத்தில் 24 தூண் போதும் என்று வைத்தால், 1.2 மீட்டர் வெள்ளத்தில் அவை பிடித்துக்கொள்ளும் இடம் 5,800 லிட்டர்தான். மண் கொட்டினால் 24 லட்சம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய அன்றே என் மனம் பாதி முடிவாகிவிட்டது.

பாதிதான். ஏனென்றால் தூணுக்கும் இரண்டு பெரிய குறைகள் உண்டு. 2001 ஜனவரி 26-ல் குஜராத்தில் புஜ் நிலநடுக்கம் வந்தபோது, அங்கிருந்து வெகுதூரத்தில் உள்ள அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பல, கீழே கார் நிறுத்தச் சுவரே இல்லாமல் விட்டவை. மேலே எல்லா மாடியிலும் சுவர் நிறைந்து விறைப்பாக இருக்க, கீழ்த்தளம் மட்டும் துவண்டு மொத்த அசைவையும் வாங்கிக்கொண்டது. அதற்கு அடுத்த ஆண்டு திருத்திய விதிகளில்தான் சென்னை இரண்டாம் நில அதிர்வு மண்டலத்திலிருந்து ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது. ஆக ஒரு ஆபத்துக்குத் தீர்வு இன்னொரு ஆபத்துக்கு வாசல் ஆகிவிடக் கூடாது. படிக்கட்டையும் லிஃப்டையும் சுற்றிக் கான்கிரீட் சுவர், இரண்டு திசையிலும் ஓரிரு விறைப்புச் சுவர் என்று வைத்தால் இந்தப் பயம் குறையும். தண்ணீருக்கும் அவை பெரிதாக இடைஞ்சல் செய்யாது.

இரண்டாவது குறை ஏறுவது. தூண்களுக்கு நடுவே ஆள் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்றால் மேல்தளம் மூன்று மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். அதே 1:12 சரிவில் 36 மீட்டர் சாய்தளம், நடுவில் இளைப்பாற மூன்று தளமேடைகளையும் சேர்த்தால் 40 மீட்டருக்கு மேல். வெள்ளத்தில் லிஃப்ட் குழி மூழ்கி மின்சாரமும் போயிருக்கும், அதனால் லிஃப்டைக் கணக்கில் சேர்க்க முடியாது. இந்த 40 மீட்டரை எங்கே வைப்பது என்றுதான் நான் மூன்று வாரம் முட்டிக்கொண்டேன்.

இவை போக ஒரு பயமும் உண்டு. சென்னையில் தூணுக்கடியில் காலி இடம் விட்டால் அடுத்த மாதமே அது பைக் நிறுத்தும் இருட்டு மூலையாகிவிடும். அப்புறம் யாராவது சுற்றிச் சுவர் எழுப்பி ஸ்டோர் ரூம் ஆக்குவார்கள். அப்படி அடைத்துவிட்டால் தூணில் நிறுத்தியதன் பலன் முழுக்கப் போய்விடும்.

உள்ளே விடும் கட்சி

மூன்றாவது வழியில் தரைத்தளம் சாதாரண உயரத்திலேயே இருக்கும். தண்ணீர் வந்தால் உள்ளே வரும், வடிந்தால் கழுவிவிட்டு மறுபடி திறப்போம். வெளியிலும் உள்ளேயும் ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்பதால் சுவருக்கு அழுத்தம் இல்லை. அதற்குச் சுவரின் அடியில் திறப்புகள் விட வேண்டும். அமெரிக்க வெள்ள விதிகளில் இதற்கு எளிதான ஒரு கணக்கு உண்டு: அடைபட்ட பரப்பில் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஒரு சதுர அங்குலம் திறப்பு, குறைந்தது இரண்டு வெவ்வேறு பக்கங்களில். பொருட்களையும் பார்த்துப் பொறுக்க வேண்டும். ரெட் ஆக்சைடு தரையும் கடப்பாக் கல் பெஞ்சும் கருங்கல்லும் நனைந்தால் கெடாது. பிளைவுட்டும் ஜிப்சம் போர்டும் ஒரே வெள்ளத்தில் உப்பிப் போகும். சுவிட்ச் பெட்டி, மீட்டர், வயர் எல்லாம் மேலிருந்து இறங்க வேண்டும்.

இது எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் வருஷத்தில் 360 நாள் தெருவோடு ஒட்டி இருக்கும் கட்டடம் இது. பெரியவர்கள் நேராக உள்ளே நடந்து வந்து பேப்பர் படிக்கலாம். ஆனால் சென்னை வெள்ளத்தில் வருவது மழைத் தண்ணீர் மட்டுமல்ல, சாக்கடையும் கலந்துதான் வரும். பல வீடுகளில் வாசல் வழியாக வருவதற்கு முன்பே கழிவறைப் பீங்கான் வழியாக ஏறிவிடும். அந்தச் சேற்றைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு வாரத்தில் நூலகத்தைத் திறக்க ஆட்கள் வேண்டும், அதற்குக் காசும் வேண்டும். தங்குமிடமாக நினைத்துப் பார்த்தால் இந்த வழி தனியாக நிற்கவே முடியாது. கீழே தண்ணீர் நிற்கும்போது மக்கள் மேலேதானே இருக்க வேண்டும்?

திடல்

கட்டடத்தைப் பற்றி இவ்வளவு சண்டை போட்ட நாங்கள் திடலைக் கடைசி வாரத்துக்குத் தள்ளியிருந்தோம், அது தப்பு. கட்டடம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் முடியும். தண்ணீரை வாங்கிக்கொள்ள இடம் இருப்பது திடலில்தான்.

எல்லோரும் காட்டும் உதாரணம் ரோட்டர்டாமின் பெந்தம்பிளைன், 2013-ல் திறந்தது. மூன்று பள்ளங்கள். இரண்டு ஆழமில்லாதவை, மழை பெய்தாலே நிறையும். ஆழமான மூன்றாவது, மற்ற நாட்களில் பிள்ளைகள் பந்து விளையாடும் மைதானம், பெருமழைக்கு மட்டும் நிறையும். மொத்தம் ஏறத்தாழ 17 லட்சம் லிட்டர். பாங்காக்கின் சுலாலாங்கோர்ன் நூற்றாண்டுப் பூங்கா 2017-ல் வந்தது. அங்கே நிலத்தோற்ற வடிவமைப்பாளர் கோட்சகோர்ன் வோராகோம் முழு நிலத்தையும் மூன்று டிகிரி சாய்த்துவிட்டார், மேலிருந்து வழியும் தண்ணீர் கீழே ஒரு குளத்தில் சேரும். நமக்கு இது புதுசும் இல்லை. படிக்கட்டோடு இறங்கும் கோயில் குளம் இதே வேலையைத்தான் செய்தது.

எங்கள் அரை ஏக்கரை ஒரு மீட்டர் தாழ்த்தினால் 20 லட்சம் லிட்டர் பிடிக்கும். 2015 டிசம்பர் 1 மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். ஒரு ஏக்கரில் அது ஏறக்குறைய அதே 20 லட்சம் லிட்டர். அதாவது எங்கள் மனையில் விழும் மழையை எங்கள் மனையே வாங்கிக்கொள்ளும், தெருவின் மழையை வாங்க முடியாது. ஓரங்களில் படிக்கட்டும் சரிவும் வந்தால் இந்த அளவும் குறையும். ஆசிரியர்கள் எங்கள் வரைபடங்களை மதிப்பிடும் ஜூரியில் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரு பூங்கா ஊரின் வெள்ளத்தைத் தீர்க்காது. சதுப்பு நிலம் சுருங்கியதால் போன கொள்ளளவை அரை ஏக்கர் பள்ளத்தால் திருப்பித் தர முடியாது.

ஊறவைக்கும் பூங்காவா, தேக்கிவைக்கும் பூங்காவா என்பதும் தனிக் கேள்வி. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி மணல் பாங்கான இடத்தில் தண்ணீர் வேகமாக உள்ளே இறங்கும். வேளச்சேரிப் பக்கம் அடியில் களிமண்ணும் பாறையும், போதாதற்கு நவம்பரிலேயே நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கும். அங்கே ஊறும் என்று நம்பி வரைவது ஏமாற்று. தேக்கி, தெரு வடிந்ததும் மெல்லத் திறந்துவிட மதகு வேண்டும். தெரு வடிகாலை இதில் இணைக்கவும் நான் ஒப்ப மாட்டேன். ரோட்டர்டாமில் பள்ளத்துக்கு வருவது கூரையிலிருந்தும் தரையிலிருந்தும் வரும் மழை நீர். நம் வடிகாலில் சாக்கடை கலக்கிறது, பிள்ளைகள் மறுவாரம் அங்கே விளையாட வேண்டும்.

கடைசியில் என் தாளில் இருப்பது இதுதான். நூலகமும் கூடமும் கழிவறையும் தூண் மேல், கழிவுக் குழாயில் தண்ணீர் திரும்பி ஏறாத வால்வு. ஆயா வீட்டுக் கோட்டுக்கு வெகு மேலே மின்சாரமும் குடிநீர்த் தொட்டியும். தூணுக்கடியில் மூன்றாம் கட்சியின் வழி: அடைக்காத நிழல், ரெட் ஆக்சைடு தரை, கடப்பாக் கல் திண்ணை. பேப்பர் ஸ்டாண்டும் கேரம் போர்டும் அங்கே, வெள்ளம் வருவதற்கு முன் இரண்டு பேர் மேலே தூக்கிவிடலாம். பைக்குக்குத் தெருவோரமாகத் தனி இடம். தொந்தரவு கொடுத்த 40 மீட்டர் சாய்தளத்தைத் திடலின் விளிம்பைச் சுற்றி வளைத்துவிட்டேன். ஒரு பக்கம் அது ஏறும் வழி, மறுபக்கம் பிள்ளைகள் விளையாடுவதை உட்கார்ந்து பார்க்கும் படிகள். மேடாக்கும் கட்சிக்குக் கொடுத்தது ஒன்றே ஒன்று, சாய்தளம் தொடங்கும் இடத்தை மட்டும் அரை மீட்டர் உயர்த்தினேன், பள்ளத்தில் வெட்டிய மண்ணில் கொஞ்சத்தை வைத்தே.

இன்னும் சரியாக வராதது மதகு. அதைத் திருப்பும் கைச்சக்கரத்தை முதலில் திடலின் ஓரத்தில், வடிகால் பக்கத்தில் வரைந்திருந்தேன். வெள்ளம் வந்தால் அந்தச் சக்கரம் தண்ணீருக்குள் போய்விடும் என்று என் பக்கத்து மேசைத் தோழிதான் காட்டினாள். இப்போது நீண்ட தண்டு வைத்து, காவலாளி அறைக்கு வெளியே, சாய்தளத்தின் இரண்டாவது தளமேடைக்கு அதைக் கொண்டுவந்திருக்கிறேன்.