ஓடிபி யார் போனுக்கு வருகிறது?

திருப்பூரில் ஒரு சின்ன எக்ஸ்போர்ட் ஆபீஸ். கணக்குப் பார்க்கும் பெண் கம்பெனி மெயிலைத் திறக்கிறார். 6 இலக்க எண் கேட்கிறது. உடனே முதலாளிக்குப் போன். "அண்ணா, ஓடிபி வந்துருச்சுங்களா?" முதலாளி அவிநாசி ரோட்டில் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஸ்பீக்கரில் சத்தமாக "நாலு... ஏழு... ஏழு..." என்று வாசிக்கிறார். பின்சீட்டில் இருந்த எனக்கும் முழு எண்ணும் கேட்டது.

பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவதாக ஒரு பூட்டு வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் தகராறு இல்லை. எந்தப் பூட்டு என்பதில்தான் குழப்பம். திருடனால் எதை உடைக்க முடியாது என்று பார்ப்பதை விட, சனிக்கிழமை சாயங்கால அவசரத்தில் நம் ஆட்கள் எதை ஒழுங்காகப் பயன்படுத்துவார்கள் என்று பார்ப்பதே என் கணக்கு.

எஸ்எம்எஸ் ஓடிபிக்கு எதையும் இறக்கி வைக்க வேண்டாம். பட்டன் போனே போதும். ஆனால் பூட்டு உங்கள் கையில் இல்லை, சிம்மில் இருக்கிறது. உங்கள் பெயரில் இன்னொருவர் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் எண்கள் அவருக்குப் போகும். 2019இல் ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டோர்சியின் ட்விட்டர் கணக்கே அவரது போன் எண்ணைக் கைப்பற்றித்தான் கடத்தப்பட்டது. சிம் மாற்றியதும் 7 நாளைக்கு அந்த எண்ணை வேறு கம்பெனிக்கு போர்ட் செய்ய முடியாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஜூலை முதல் தடை வைத்திருப்பதும் இந்த மாதிரித் திருட்டுக்காகத்தான். என்னைக் கேட்டால், சிம் திருட்டை விடப் பெரிய ஆபத்து அந்த "நாலு ஏழு ஏழு". தினமும் போனில் எண் சொல்லிப் பழகியவர், "பேங்க்ல இருந்து பேசுறோம்" என்று ஒரு குரல் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். க்யூஆர் கோடை ஒருமுறை ஸ்கேன் செய்தால் போதும். பிறகு சிக்னல் இல்லாவிட்டாலும் 30 விநாடிக்கு ஒரு புது எண் போனுக்குள்ளேயே உருவாகும். காசும் கிடையாது. ஒரே மெயிலை இரண்டு பேர் பார்த்தாக வேண்டும் என்றால் அதே கோடை இரண்டு போனிலும் ஸ்கேன் செய்யலாம். ஆளுக்கொரு லாகின் கொடுப்பதே முறை. ஆனாலும் காரில் இருப்பவரைக் கூப்பிடுவதற்கு இது எவ்வளவோ மேல். போன் தொலைந்தால்தான் திண்டாட்டம். போன் இல்லாமலே உள்ளே போகத் தளம் தரும் பேக்கப் கோடுகளை முதல் நாளே பிரிண்ட் எடுத்துப் பீரோவில் வையுங்கள். டெஸ்க்டாப்பில் ஸ்க்ரீன்ஷாட்டாக வைத்தால் பிரயோஜனம் இல்லை.

"நீங்கள்தானா?" என்று போன் கேட்க, "ஆமாம்" என்று தட்டும் வகையும் உண்டு. வசதிதான், எனக்கு மட்டும் பிடிக்காது. 2022இல் ஊபர் டாக்சி கம்பெனியின் கணினிகளுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தவர் அதன் ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு அந்தக் கேள்வியை விடாமல் அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்த ஊழியர் "ஆமாம்" தட்டிவிட்டார். திரையில் தெரியும் எண்ணைப் போனில் அடிக்கச் சொல்லும் ஏற்பாடு இருந்தால் மட்டும் பரவாயில்லை.

கடைசியாக செக்யூரிட்டி கீ. பென்டிரைவ் அளவில் ஒரு சாவி. கம்ப்யூட்டரில் செருகி விரலால் தொட வேண்டும். இதன் சூட்சுமம், எந்தத் தளத்தில் பதிந்தோமோ அந்த முகவரிக்கு மட்டும்தான் பதில் சொல்லும். ஓர் எழுத்து மாறிய போலித் தளம் நம் கண்ணை ஏமாற்றலாம், சாவியை ஏமாற்ற முடியாது. ஆப் காட்டும் எண்ணையோ போலித் தளத்தில் நாமே அடித்துக் கொடுத்துவிடுவோம்; 30 விநாடிக்குள் திருடன் உள்ளே போய்விடுவான். 2022 ஜூலை, ஆகஸ்டில் ட்விலியோ, க்ளவுட்ஃப்ளேர் என்ற இரண்டு அமெரிக்க டெக் கம்பெனிகளின் ஊழியர்களுக்கும் ஒரே மாதிரிப் போலி எஸ்எம்எஸ் போனது. ட்விலியோவில் வாடிக்கையாளர் தகவல் வரை போய்விட்டது. க்ளவுட்ஃப்ளேரிலும் 3 பேர் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அங்கே எல்லோர் கையிலும் சாவி இருந்ததால் திருடர்களால் அதற்கு மேல் நகர முடியவில்லை.

குறை விலைதான்: ஒன்று சில ஆயிரம் ரூபாய், தொலைந்தால் சமாளிக்க ஆளுக்கு இரண்டு வேண்டும். பாஸ்கீ என்பதும் இதே வித்தைதான். சாவிக்குப் பதில் போனும் கைரேகையும். செலவில்லை. ஆனால் அது ஊழியரின் சொந்தப் போனில் உட்கார்ந்திருக்கும். அவர் வேலையை விட்டுப் போகும் அன்றே கம்பெனிக் கணக்கிலிருந்து அதை நீக்கிவிட வேண்டும்.

10 பேர் ஆபீஸுக்கு என் தேர்வு: எல்லோருக்கும் ஆப், முதலாளிக்கும் கணக்குப் பார்ப்பவருக்கும் மட்டும் சாவி, அதுவும் முதலில் மெயிலுக்கு. மெயில் கைமாறினால், "எங்கள் பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது, பணத்தை இதில் போடுங்கள்" என்று வெளிநாட்டில் சரக்கு வாங்குபவருக்கு உங்கள் முகவரியிலிருந்தே கடிதம் போகும். பிற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க்கும் அந்த மெயிலுக்குத்தானே வருகிறது!

அந்த ஆபீஸில் இப்போது முதலாளியின் சாவிகளில் ஒன்று கார் சாவிக்கொத்தில் தொங்குகிறது, இன்னொன்று வீட்டு பீரோவில். மெயிலுக்காகப் போன் அடிப்பது நின்றுவிட்டது. வங்கிக்கு இன்னும் எஸ்எம்எஸ்தான். அதற்கு மட்டும் அவர் காரை ஓரம்கட்டி, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எண்ணைச் சொல்கிறார்.