பாதத்தில் அறுவை சிகிச்சை: கிளினிக்கா, ஆஸ்பத்திரியா?

கால் கட்டைவிரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்து, கட்டைவிரலின் அடிமூட்டுப் பக்கத்தில் எலும்பு புடைத்துக்கொண்டு நின்றதை நான் ஒரு கிளினிக்கில்தான் அறுவை செய்து சரிசெய்துகொண்டேன். அதே சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியிலும் விசாரித்துவிட்டுத்தான் முடிவெடுத்தேன். பாதத்தின் முன்பகுதிக்கு யார் கேட்டாலும் கிளினிக் என்றுதான் சொல்வேன். கணுக்காலுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

கிளினிக் என்று நான் சொல்வது, மருத்துவர் தன் இடத்திலேயே ஒரு சிறிய ஆபரேஷன் அறை வைத்து, பாதத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, வேலை முடிந்ததும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிற இடத்தை.

செலவு, காத்திருப்பு, அலைச்சல் மூன்றிலும் கிளினிக் பெரும்பாலும் முந்தும். காப்பீடு இருந்தால் கணக்கு மாறலாம். அதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் இவற்றைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

என்ன வேலை என்பதுதான் முதல் வடிகட்டி. சதைக்குள் வளரும் நகம், விரலிடுக்கில் தடித்துப்போன நரம்பு, கொக்கிபோல் மடங்கிய விரல், கட்டைவிரல் புடைப்பு இவையெல்லாம் கிளினிக்கில் செய்யக்கூடியவை. நகத்துக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை போடுவது வீண். நகத்தின் ஓரத்தை எடுத்துவிட்டு, அது திரும்ப முளைக்காதபடி வேரில் பீனால் என்ற ரசாயனத்தைத் தடவும் சிறிய வேலை அது. கணுக்கால் எலும்பு முறிந்து தகடு வைப்பது, மூட்டை இறுக்கி ஒட்டவைப்பது, செயற்கை மூட்டு பொருத்துவது, அறுந்துபோன குதிகால் தசைநாணைத் தைப்பது எல்லாம் வேறு ரகம்.

இந்தப் பிரிவினைக்குக் காரணம் மயக்க மருந்து. பாதத்துக்கு உணர்ச்சி கொடுப்பவை ஐந்து நரம்புகள். கணுக்காலைச் சுற்றி ஊசி போட்டு அந்த ஐந்தையும் மரக்கவைத்தால் விழித்திருக்கும்போதே விரல் எலும்பை வெட்டித் திருப்பலாம். ரத்தம் வராமல் தடுக்கும் பட்டையையும் கணுக்காலுக்குச் சற்று மேலேயே கட்டிவிடலாம். கணுக்காலிலேயே வேலை என்றால் பட்டை பெரும்பாலும் தொடைக்குப் போய்விடும். தொடையில் இறுக்கிய பட்டையை விழித்திருப்பவர் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்குவது கடினம். அப்புறம் முதுகில் ஊசியோ முழு மயக்கமோ வேண்டும், அதற்கு மயக்க மருத்துவரும் கருவிகளும் வேண்டும். அந்த இடத்தில் ஆஸ்பத்திரி, அல்லது ஆஸ்பத்திரிக்கு நிகரான பகல்நேர அறுவை மையம் என்று ஆகிவிடுகிறது.

சரி, இரண்டு இடத்திலும் செய்யக்கூடிய வேலைக்கு எதை வைத்து முடிவு செய்வது? என்னைக் கேட்டால், கட்டுப் போடுவது யார் என்பதை வைத்துத்தான்.

கட்டு என்றதும் காயத்தை மூடுகிற துணி என்று நினைத்துவிடுகிறோம். கட்டைவிரல் அறுவையில் கட்டும் சிகிச்சையின் ஒரு பகுதி. எலும்பை வெட்டி நகர்த்தி, ஸ்க்ரூவோ கம்பியோ வைத்து நிறுத்திய பிறகும், விரலைச் சுற்றியுள்ள சதையும் மூட்டு உறையும் பழைய கோணலுக்கே இழுக்கப் பார்க்கும். விரலைச் சரியான பக்கம் இழுத்துப் பிடித்து வைப்பது அந்தக் கட்டுதான். சிறு துளை வழியாகச் செய்யும் புதிய முறைகளில் இது இன்னும் முக்கியம். வாரக்கணக்கில் கட்டை மாற்றி மாற்றிப் போட்டு விரலை நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். எந்தப் பக்கம், எவ்வளவு இறுக்கம் என்பது எலும்பை வெட்டியவருக்குத்தான் நன்றாகத் தெரியும். கொஞ்சம் தளர்ந்தால் விரல் திரும்பச் சாயலாம். அதிகம் இறுகினால் விரல் நீலம் பாரிக்கும். எதிர்ப்பக்கமே அதிகமாக இழுத்துவிட்டால் கட்டைவிரல் மற்ற விரல்களை விட்டு விலகி வெளியே போய்விடும்.

என் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் கட்டைப் பிரித்தவர் அறுவை செய்தவரேதான். பிரித்து, விரலை மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, பக்கத்து அறையிலேயே எக்ஸ்ரே எடுத்து, அதைப் பார்த்தபடியே புதுக் கட்டின் இழுவையை மாற்றினார். நான் விசாரித்த ஆஸ்பத்திரியில் முதல் கட்டு அன்றைக்குப் பணியில் இருப்பவர் கையில், தையல் பிரிப்பது செவிலியர் கையில், அறுவை செய்தவரைப் பார்ப்பது ஆறாவது வாரம் என்று ஏற்பாடு. அவர்களில் யாரையும் திறமையற்றவர் என்று நான் சொல்லவில்லை. கை மாறும்போது அந்த விரலைப் பற்றிய நினைவு கூடவே வருவதில்லை, குறிப்பேட்டில் எழுதியது மட்டும்தான் வருகிறது. எல்லா ஆஸ்பத்திரியும் இப்படித்தான் என்று சொல்ல நான் ஆளில்லை. கட்டு மாற்றுவதை அறுவை மருத்துவரே வைத்துக்கொள்கிற இடங்களும் இருக்கும். அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்: “தையல் பிரிக்கும் வரை என் காலை யார் பார்ப்பார்கள்?” தையல் பிரிக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும், எலும்பு ஒன்றுசேர ஏறக்குறைய ஆறு வாரம், வீக்கம் முழுதாக வடிய ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம். இவ்வளவு நீண்ட காலத்தில் ஆபரேஷன் மேசையில் கிடப்பது ஒரு மணி நேரம் போலத்தான்.

ஆஸ்பத்திரிக்கு என்று ஒரு வலுவான வாதம் உண்டு: முதல் இரவு. மரத்துப்போகும் ஊசியின் வேகம் 12 மணி நேரம்கூட நிற்கும், பிறகு நள்ளிரவில் இறங்கும். வலி வந்த பிறகு மாத்திரை தேடினால் நேரம் கடந்துவிடும். உணர்ச்சி திரும்பும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்கி வைத்தால் வலி ஓரளவு அடங்கும். கிளினிக்கில் செய்துகொள்பவருக்கு அந்த இரவில் வீட்டில் ஒரு துணையும், எடுத்துப் பேசுகிற ஒரு தொலைபேசி எண்ணும் கட்டாயம் வேண்டும். இந்த இரண்டும் இல்லாதவர் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் தங்கிவிடுவதே நல்லது. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காலைத் தூக்கி வைத்து மாத்திரை போட்டும் அடங்காத வலி ஏறிக்கொண்டே போனாலோ, எங்கே செய்துகொண்டிருந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

சர்க்கரை நோய், ரத்த ஓட்டக் குறைவு, தூக்கத்தில் மூச்சு அடைப்பு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பது, இவை எதுவும் எனக்கு இல்லை. இருப்பவர்களுக்கு என் அனுபவத்தை அப்படியே பொருத்த முடியாது. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்: சர்க்கரை நோயோ ரத்த ஓட்டக் குறைவோ உள்ளவர்கள் முதலில் கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த விகிதம் 0.9-க்குக் கீழே இருந்தால் காலுக்கு ரத்தம் போதுமான அளவு போகவில்லை என்று பொருள், காயம் ஆறுவதே சிக்கலாகும். சர்க்கரையும் கட்டுக்குள் வராத நிலையில் அவசரமில்லாத எலும்பு அறுவையை எந்த இடத்திலும் தள்ளிப்போடுவதுதான் நல்லது. அவசியம் செய்தே ஆக வேண்டும் என்றால், பல துறை மருத்துவர்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் என் வாக்கும்.

கிளினிக்கை நல்லது என்று சொல்லிவிட்டு எந்தக் கிளினிக் என்று சொல்லாமல் விடக்கூடாது. கருவிகளை ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவியில், சுத்தம் செய்து, ஒவ்வொரு பொட்டலத்திலும் அடையாளப் பட்டை நிறம் மாறியிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். ஆபரேஷன் நடக்கும்போதே எலும்பைப் பார்க்க எக்ஸ்ரே கருவி அறையில் இருக்க வேண்டும். மரக்கும் மருந்து தவறி ரத்தக்குழாயில் போய்விட்டால் இதயத்தைத் தாக்கும், அதற்கு மாற்றாகக் கொழுப்புக் கரைசல் ஒன்றை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். அது கைவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். சிக்கல் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள் என்பதற்குத் தயக்கமில்லாத பதில் வர வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்தில் காலைக் கொடுக்காதீர்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு. பாத அறுவை மருத்துவர்கள் பலர் சொந்தக் கிளினிக்கும் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலும் அறுவை செய்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் ஆபரேஷனை மட்டும் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு, கட்டு மாற்றுவது, தையல் பிரிப்பது, பின்னால் கம்பி எடுப்பது எல்லாவற்றையும் அவருடைய கிளினிக்கிலேயே செய்துகொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கணுக்கால் வேலைக்கு நாளை எனக்கு அவசியம் வந்தால் இப்படித்தான் கேட்பேன்.