அறுவைக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர்: மதுரை மருத்துவமனை அனுபவம்

அம்மாவின் பித்தப்பைக் கல் அறுவைக்காகச் சென்ற மாதம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று நாள் தங்கினோம். அறையும் சாப்பாடும் கட்டணமும் மற்ற இடங்களைப் போலத்தான். அறுவைக்கு முன் நோயாளியைத் தாகத்தில் வாட விடாமல் பார்த்துக்கொண்டதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை நடந்தபோது, இரவு 10 மணிக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்றவர்கள், மறுநாள் பகல் 1 மணிக்குத்தான் தியேட்டருக்கு அழைத்தார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அவரால் பேசவே முடியவில்லை. டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் நான்கு இடங்களில் குத்தினார்கள்.

இங்கே மயக்க மருந்து மருத்துவர் முந்தைய மாலையே வந்து, கட்டிலருகே அமர்ந்து விளக்கினார். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் வெறும் வயிறு வேண்டும் என்கிறார்கள். ஆனால் திட உணவு இரைப்பையை விட்டு இறங்கப் பல மணி நேரமாகும், தண்ணீர் விரைவில் இறங்கிவிடும். ஆகவே இட்லி போன்ற எளிய உணவை 6 மணி நேரம் முன்பும், எண்ணெய்ப் பலகாரத்தையும் இறைச்சியையும் 8 மணி நேரம் முன்பும் நிறுத்திவிட்டு, தண்ணீரை மட்டும் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம் என்றார். அமெரிக்க மயக்க மருந்து மருத்துவர்கள் சங்கம் தண்ணீருக்கு இதே 2 மணி நேரக் கணக்கை 1999-லேயே வெளியிட்டிருந்தும், நம் ஊரில் பல இடங்களில் இன்னும் பழைய வழக்கமே தொடர்வது வருத்தமாக இருக்கிறது.

"காபியும் தண்ணிதானே டாக்டர்?" என்று அம்மா கேட்டார். "பால் சேர்ந்தால் அது சாப்பாட்டுக் கணக்கும்மா, கடுங்காபி என்றால் குடிக்கலாம்" என்றார். நீண்டகாலச் சர்க்கரை நோயால் இரைப்பை மெதுவாக இயங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்பதால், அம்மாவின் சர்க்கரை அளவையும், சாப்பிட்டபின் வயிறு உப்புகிறதா என்பதையும் விசாரித்த பிறகே அனுமதி தந்தார்.

குறை ஒன்று உண்டு. காலை 8 மணி அறுவை 10.30-க்குத் தள்ளிப்போனது வார்டுக்குத் தெரிவிக்கப்படவில்லை. 6 மணிக்கே டம்ளரை எடுத்துச் சென்ற நர்ஸ், நான் கேட்ட பிறகுதான் மருத்துவரிடம் பேசினார். 8 மணிக்கு மறுபடியும் தண்ணீர் வந்தது. அம்மா அதை மெல்ல மெல்லக் குடித்து முடித்தார். டிரிப்ஸ் ஊசி இம்முறை முதல் குத்திலேயே ஏறியது. இங்கே சேருபவர்கள், நேரம் மாறினால் மயக்க மருந்து மருத்துவரைக் கேட்டுச் சொல்லும்படி நர்ஸிடம் தயங்காமல் சொல்லுங்கள். கேட்டால் மறுக்காமல் செய்கிறார்கள்.