பொக்லைன் ஏற்றும் டிரெய்லரில் ராட்செட் பைண்டர்: நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பின்

லேத் பட்டறையில், சுமையைக் கட்டும் செயினை இழுத்து இறுக்கும் பைண்டர் ஒன்றுக்கு மறுபடியும் ஸ்பிரிங் மாற்றிக்கொண்டு வந்த நேரத்தில்தான், புதிதாக லோ-பெட் டிரெய்லர் எடுத்திருக்கும் என் மனைவியின் தம்பி, "மாமா, செயின் கட்ட லிவர் பைண்டர் வாங்கட்டுமா, ராட்செட் வாங்கட்டுமா?" என்று கேட்டார். ராட்செட்தான் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அதைப் புகழும் மனநிலையில் நான் இப்போது இல்லை.

கைப்பிடியை ஒரே வீச்சில் மடக்கி இறுக்கும் லிவர் பைண்டர் விலை குறைவு, கட்டுவதற்கும் நொடிப்பொழுது போதும். வம்பு அவிழ்க்கும்போதுதான் வரும். செயினில் ஏறிய இழுவிசை முழுவதும் கைப்பிடிக்குப் பின்னால் காத்திருக்கும். மையத்தைத் தாண்டிய கணத்தில் அது அவிழ்ப்பவரின் தாடையை நோக்கித்தான் எகிறும். போதாக்குறைக்கு, கைப்பிடியில் பைப்பைச் செருகி எம்பும் பழக்கம் நம் ஆட்களை விட்டுப் போவதாக இல்லை. கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டி மரையை முறுக்கும் ராட்செட்டில் அந்த விசை மரை மரையாக இறங்குகிறது. தொப்பூர் கணவாயில் இறங்கி வந்தபின் சுமை சற்று நகர்ந்து ஒரு செயின் மட்டும் முறுக்கேறியிருந்தால், கைப்பிடியை அசைக்கும்போதே அது கைக்குத் தெரிந்துவிடும். நான் எதிர்பாராமல் கிடைத்த நன்மை இது.

அளவு விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். கொக்கி செயினில் மாட்டுகிறதா என்பதை மட்டுமே அவர் பார்ப்பார். அமெரிக்க விதி, கட்டுகளின் மொத்தப் பணிச்சுமை வரம்பு, அதாவது அவை பாதுகாப்பாகத் தாங்கும் இழுவை, சரக்கின் எடையில் பாதியாவது இருக்க வேண்டும் என்கிறது. வண்டியிலிருந்து நேராக இயந்திரத்தில் மாட்டும் கட்டு ஒவ்வொன்றையும் பாதி மதிப்புக்கே கணக்கில் எடுக்கிறது. 20 டன் பொக்லைனுக்கு 10 டன் தேவை. அரை அங்குல கிரேடு 70 (எஃகின் வலிமைத் தரம்) செயினின் வரம்பு 11,300 பவுண்டு. அவ்வகையில் நான்கு கட்டுகள், பாதி மதிப்பில், சேர்ந்து ஏறத்தாழ 10.25 டன் தரும். அதே செயினில் 9,200 பவுண்டு பொறித்த சிறிய பைண்டரை மாட்டினால், கொக்கி கச்சிதமாகப் பொருந்தினாலும், கட்டில் வலு குறைந்த பாகத்தின் வரம்பே செல்லும் என்பதால் கணக்கு 8.35 டன்னுக்குச் சரிந்துவிடும். ஆகவே 13,000 பவுண்டு பொறித்ததையே கேட்டு வாங்க வேண்டும். பொறிப்பு இல்லாததைக் கையால் தொடவும் வேண்டாம்.

இனி என் ஆற்றாமைக்கு வருகிறேன். வார்ப்பில்லாமல் அடித்துச் செய்த கொக்கி, தடித்த மரை, நல்ல கைப்பிடி என்று எல்லாவற்றிலும் தாராளம் காட்டிய தயாரிப்பாளர், பல்சக்கரத்தின் நாக்கை அழுத்தும் சுண்டுவிரல் நுனியளவு ஸ்பிரிங்கில் காசை மிச்சம் பிடித்திருக்கிறார். குவாரித் தூசியும் மழை ஈரமும் சேர்ந்தால் அது களைத்துவிடுகிறது. நாக்கு பல்லில் விழாமல், கைப்பிடி இரு பக்கமும் வெறுமனே ஆடுகிறது. இரவில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, நாக்கை விரலால் அழுத்தியபடியே முறுக்கும்போது வாயில் வரும் சொற்களை இங்கே எழுத இயலாது. மரைக்குக் கிரீஸ் அவசியம். ஆனால் அது நாக்கின் பக்கம் வழிந்தால் தூசியைக் குழைத்துச் சேறாக்கிவிடும். அதனால் மரைக்கு மட்டும் கிரீஸ் தடவி, நாக்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்து உலர்வாகவே வைத்திருக்கிறேன்.

முறுக்கி முடித்ததும் கைப்பிடியைக் கம்பியால் செயினோடு கட்டிவிட வேண்டும். புறப்பட்டுச் சில கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி இழுத்துப் பார்க்க வேண்டும். கண்ணி நீண்டாலோ கொக்கி விரிந்தாலோ வெல்டிங் வைத்து ஓட்டாமல் கழித்துவிடுவதே முறை. பைப்பு ராட்செட்டுக்கும் ஆகாது.

மைத்துனருக்கு ராட்செட்டையே வாங்கச் சொல்லிவிட்டேன், ஆனால் இந்தத் தயாரிப்பாளரிடம் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். என்னிடம் இருப்பவற்றை அவர் பாதி விலைக்குக் கேட்டார். கொடுக்க எனக்கு மனமில்லை.